குளிருதுன்னா குளிருதுதான்

(கொடைக்கானலில் முதியோர் நலக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)

 

மேடையில் நின்று முன்வரிசையைப் பார்க்கிறேன். ஸ்வெட்டர், அதற்கு மேல் சால்வை, தலையில் மங்கி குல்லா, கழுத்தில் மஃப்ளர். பின்வரிசையைப் பார்க்கிறேன். அரைக்கைச் சட்டை. ஒரே கூடம், ஒரே காற்று. ஆனால் முன்வரிசைக்கு மார்கழி, பின்வரிசைக்குச் சித்திரை. இந்த இரண்டு வரிசைகளுக்கும் நடுவில் ஒவ்வொரு வீட்டிலும் தினமும் நடக்கும் வழக்கைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

என்ன வழக்கு அது? "ஜன்னலைச் சாத்துப்பா" என்கிறார் தாத்தா. "காத்தே இல்ல, இதையும் சாத்தணுமா?" என்கிறான் பேரன். மதுரையில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போனால் அங்கே ஏசி. "ஃபேனையாவது குறைச்சு வை தாயி" என்கிறாள் பாட்டி. "இந்த வெயில்ல உங்களுக்கு என்ன குளிரு?" என்று பதில் வருகிறது. இரண்டு தடவை கேட்பார்கள். மூன்றாவது தடவை கேட்க மாட்டார்கள். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒரு மூலையில் ஒடுங்கிவிடுவார்கள். கேட்பதை நிறுத்திவிட்டார்கள் என்பதால் குளிர் நின்றுவிட்டதா?

நாம் உட்கார்ந்திருக்கும் இந்த மலைத்தொடருக்குப் பழனி மலை என்று பெயர். இந்தப் பக்கத்து மலைநாட்டை ஆண்டவன் பேகன். மயிலுக்குப் போர்வை கொடுத்த வள்ளல் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்தோம். அந்த மயில் குளிருகிறது என்று சொன்னதா? போர்வை வேண்டும் என்று கேட்டதா? இல்லை. பார்த்தான், குளிருமே என்று நினைத்தான், கொடுத்தான். நம் வீட்டில் வாய் திறந்து கேட்கிறார்களே, அவர்களை ஏன் நம்ப மறுக்கிறோம்?

34 ஆண்டுகள் செவிலியராக வேலை பார்த்தவள் நான். அந்த அனுபவத்தில் முதலில் சொல்ல வேண்டியது ஒன்றுதான். வயதானவர் குளிருகிறது என்றால், அவருக்குக் குளிருகிறது. அது பிடிவாதம் அல்ல, நச்சரிப்பு அல்ல, கவனத்தை இழுக்கும் வேலையும் அல்ல.

ஏன் குளிருகிறது? ஒரு கணக்குச் சொல்கிறேன். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனித உடம்பு வெளியே விடும் சூடு ஏறக்குறைய ஒரு 100 வாட் குண்டு பல்பு விடும் சூடு. அந்த பல்பை எரிய வைப்பது நாம் சாப்பிடும் சோறு. அதில் பெரும்பங்கு நம் தசைகளிலும் உள்ளுறுப்புகளிலும் எரிகிறது. வயது ஏற ஏறத் தசை கரைகிறது, சாப்பாடு குறைகிறது, நடமாட்டம் குறைகிறது. பல்பின் வாட் இறங்குகிறது. அதோடு தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பும் மெலிந்துவிடுகிறது. குளிர் பட்டதும் தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கிச் சூட்டை உள்ளே பிடித்து வைக்க வேண்டும். வயதானவர்களுக்கு அது தாமதமாக நடக்கிறது. பல் கிடுகிடுக்க நடுங்கிச் சூடு உண்டாக்கும் தெம்பும் குறைந்துபோகிறது.

இப்போது கவனியுங்கள். போர்வை சூடு தருமா? தராது. இருக்கிற சூடு ஓடிப்போகாமல் காப்பதுதான் போர்வையின் வேலை. ஒரு கல்லுக்குக் கம்பளி போர்த்தினால் கல் சூடாகுமா? வாட் இறங்கிய உடம்புக்கு மூன்று கம்பளி போர்த்திவிட்டு, "இத்தனை போர்த்தியும் குளிருதுன்னா நான் என்ன பண்றது?" என்று கோபப்படுகிறோமே, அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறதா?

ஆகவே பல்பு ஏன் மங்குகிறது என்று பார்க்க வேண்டும். இங்கேதான் என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அம்மாவுக்கு அப்போது 74 வயது. வத்தலக்குண்டில் என் அண்ணன் வீட்டில் இருந்தாள். வெயில் ஊர்தான். போனில் பேசும்போதெல்லாம், "எனக்கு மட்டும் ஏத்தா இப்படிக் குளிருது?" என்பாள். "வயசாச்சுல்லம்மா" என்பேன். நானே ஒரு செவிலி, நானே அப்படிச் சொன்னேன். ஒரு மருத்துவரிடம் காட்டினார்கள். அவரும் வயசு என்றார், சத்து மாத்திரை எழுதினார். நாங்கள் அதோடு விட்டுவிட்டோம்.

அந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். அம்மா வாசல் திண்ணையில் பகல் பதினொரு மணி வெயிலில் மஃப்ளர் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "வாத்தா" என்றாள். குரல் கட்டையாக, சளி பிடித்ததுபோல் இருந்தது. கையைப் பிடித்தேன். காய்ந்த பனையோலை மாதிரி சொரசொரப்பு. முகம் லேசாக உப்பியிருந்தது. புருவத்தின் ஓரத்தில் முடி இல்லை. நாலு நாளைக்கு ஒரு தடவைதான் வெளிக்குப் போகிறாள் என்று அண்ணி சொன்னாள். எந்நேரமும் தூக்கம், கேட்ட கேள்விக்கு நின்று நிதானித்துப் பதில். ஒவ்வொன்றாகப் பார்த்தால் எல்லாமே வயசுதான். சேர்த்துப் பார்த்தபோதுதான் எனக்கு நெஞ்சு திக்கென்றது. மறுநாள் திண்டுக்கல்லுக்குக் கூட்டிப்போய் ரத்தம் கொடுத்தோம். தைராய்டு சுரப்பி சரியாக வேலை செய்யவில்லை. அதைத் தூண்டும் டி.எஸ்.ஹெச். ஹார்மோனின் அளவு மிக அதிகமாக இருந்தது.

ஒரு சின்ன மாத்திரை. காலையில் வெறும் வயிற்றில், காப்பிக்கு அரைமணி நேரம் முன்னால். வயதானவர், இதயத்தைக் கவனிக்க வேண்டும் என்பதால் மருத்துவர் குறைந்த அளவில் தொடங்கி மெதுவாக ஏற்றினார். முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. ஆறு வாரம் கழித்து மறுபடி ரத்தம் பார்த்து அளவைக் கூட்டினார்கள். மூன்றாவது மாதம் ஒரு நாள் போனில் அம்மா சொன்னாள்: "இந்த மஃப்ளர் கழுத்தக் குத்துதுத்தா. எடுத்துட்டேன்."

எத்தனை மாதம் அவள் குளிரில் கிடந்தாள்? நாங்கள் நம்பியிருந்தால் அத்தனை மாதம் ஆகியிருக்குமா? அதனால்தான் கைகூப்பிக் கேட்கிறேன். எப்போதும் குளிருகிறது என்று சொல்லும் பெரியவரை முதலில் ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போங்கள். தைராய்டு பாருங்கள். ஹீமோகுளோபின் பாருங்கள். பெண்களுக்கு 12-க்குக் கீழே, ஆண்களுக்கு 13-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. குளிருக்கு அதுவும் ஒரு காரணம். சர்க்கரை பாருங்கள். ஒரு கால் மட்டும் ஜில்லென்று இருக்கிறதா, நடந்தால் கெண்டைக்கால் வலிக்கிறதா என்று கேளுங்கள். ரத்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். சாப்பிடும் மாத்திரைகளையெல்லாம் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் அட்டெனோலால், மெட்டோப்ரோலால் போன்றவை சிலருக்குக் கையையும் காலையும் குளிர வைக்கும். ஆனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்துவது ஆபத்து.

இன்னொன்று. எப்போதும் குளிருவது வேறு, திடீரென்று உடம்பு தூக்கிப்போடுவதுபோல் குளிர் நடுக்கம் வருவது வேறு. இரண்டாவது, சிறுநீரிலோ நுரையீரலிலோ கிருமி புகுந்ததற்கு அடையாளமாக இருக்கலாம். அதற்குக் கம்பளி தேடக்கூடாது, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சரி, பரிசோதனை எல்லாம் பார்த்தாயிற்று. நோய் ஒன்றும் இல்லை, வயதுதான் காரணம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போது என்ன செய்வது? சூடு எந்த வழியாக ஓடுகிறது என்று தேட வேண்டும்.

வீடு வீடாகப் போய்ப் பார்த்தவள் சொல்கிறேன். பெரியவர் படுத்திருப்பார். மேலே மூன்று போர்வை. கீழே? ஒரு கோரைப் பாய். அதற்குக் கீழே சிமெண்ட் தரை. இந்த மலையின் உயரம் ஏறக்குறைய 2,100 மீட்டர். தை மாதத்து விடியற்காலையில் இங்கே சிமெண்ட் தரை எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? மேலே போர்த்தியதெல்லாம் மேலே போகும் சூட்டைத்தான் தடுக்கும். கீழே தரை விடாமல் உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. போர்வையில் ஒன்றை எடுத்துக் கீழே போடுங்கள். கட்டில் இருந்தால் கட்டில், இல்லையென்றால் சாக்கு, அதன்மேல் பாய், அதன்மேல் பழைய சேலைகளை நாலாக மடித்துத் தைத்த விரிப்பு. இலவம் பஞ்சு மெத்தை கிடைத்தால் ராஜபோகம். இதைச் செய்துவிட்டு மறுநாள் காலையில் அவரிடம் கேட்டுப் பாருங்கள்.

மேலே போர்த்துவது கனமாக இருக்க வேண்டும் என்பதில்லை. கனத்த கம்பளி மூன்றைப் போட்டால் எலும்பும் தோலுமான உடம்பு புரண்டு படுக்க முடியாமல் திணறும். லேசானதாக இரண்டு, நடுவில் காற்று. காற்றுதான் காவல். நீலகிரியில் தோடர்கள் போர்த்தும் பூத்துக்குளி தெரியுமா? சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை செய்த அந்தத் தடித்த வெள்ளைத் துணி இரட்டையாக மடிந்திருக்கும். குளிரில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களின் அறிவு அது. உடுப்பும் அப்படியே. ஒரு தடித்த ஸ்வெட்டரைவிட, உள்ளே ஒரு பனியன், அதன்மேல் சட்டை, அதன்மேல் மெல்லிய ஸ்வெட்டர் போடுவதே நல்லது. சாக்ஸ் இறுக்கமாக இருந்தால் ரத்த ஓட்டம் தடைப்படும். தளர்ந்ததாகப் போடுங்கள், வழுக்காததாகப் பாருங்கள். ஈரமான சாக்ஸ் மட்டும் ஒரு நிமிடம்கூடக் காலில் இருக்கக்கூடாது.

இரவில் எழுந்து கழிப்பறைக்குப் போகும் அந்த ஐந்து நிமிடம் இருக்கிறதே, அதுதான் இரவிலேயே கொடிய நேரம். போர்வைச் சூட்டிலிருந்து வெறுங்காலோடு ஜில்லென்ற தரைக்கு இறங்குகிறார்கள். திரும்பி வந்தால் விடியும்வரை உடம்பு சூடாகாது. அதற்குப் பயந்து பல பேர் சாயங்காலத்துக்குப் பிறகு தண்ணீரே குடிப்பதில்லை. அது வேறு வியாதியைக் கூட்டி வரும். கட்டிலுக்குப் பக்கத்தில் செருப்பு, கைக்கு எட்டுகிற இடத்தில் ஒரு சால்வை, ஒரு சின்ன விளக்கு. நடக்க முடியாதவருக்குப் படுக்கைக்குப் பக்கத்திலேயே வசதி செய்து கொடுங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமே இல்லை.

வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. குளிர்காலத்தில் வீட்டுக்குள் 18 டிகிரியாவது வெப்பம் இருக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2018-ல் சொன்னது. முதியவர்களுக்கு அதற்கும் மேலே தேவைப்படலாம். நம் வீடுகளில் எத்தனை டிகிரி என்று யாராவது பார்த்திருக்கிறோமா? சுவரில் மாட்டும் ஒரு சின்ன வெப்பமானி வாங்குங்கள். பத்து மணிக்கு வெயில் வந்ததும் ஜன்னலைத் திறந்து வெயிலை உள்ளே விடுங்கள். நாலு மணிக்கு, மூடுபனி இறங்குவதற்கு முன்னால், சாத்திவிடுங்கள். கதவின் அடியில் விரலளவு சந்து இருக்கும். பழைய துணியைச் சுருட்டி அதில் வையுங்கள்.

ஆனால், ஒரு பெரிய ஆனால் இருக்கிறது. அறையை இப்படி அடைத்துவிட்டு உள்ளே நெருப்பு வைக்கவே கூடாது. இதைச் சத்தம் போட்டுச் சொல்கிறேன், மன்னியுங்கள்.

நெருப்புச் சட்டி நமக்குப் புதிதல்ல. பத்துப்பாட்டில் நெடுநல்வாடை என்று ஒரு பாட்டு இருக்கிறது. நக்கீரர் பாடியது. வாடைக்காற்று அடிக்கும் மழைநாளில் குளிர்ந்த தண்ணீரைக் குடிக்காமல், வாயகன்ற தடவில் செந்நெருப்பை வைத்து ஊரே குளிர்காய்வதை அதில் காட்டுகிறார். தடவு என்றால் கணப்புச் சட்டி. இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கத்தை விடச் சொல்கிறாயா என்று நீங்கள் கேட்கலாம். ஓட்டுச் சந்தும் கூரை இடுக்குமாக இருந்த அன்றைய வீட்டில் புகை தானாக வெளியே போயிற்று. இன்று கான்கிரீட் கூரை, கண்ணாடி ஜன்னல். கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வருகிறது. அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக அது பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு குமட்டல், பிறகு தூக்கம். அந்தத் தூக்கத்திலிருந்து எழ மாட்டார்கள். இந்த மலையிலும் நீலகிரியிலும் அறைக்குள் கரியடுப்பு வைத்துப் படுத்தவர்கள் விடியும்போது பிணமாகக் கிடந்த செய்தியை நாம் படிக்கவில்லையா? அவர்கள் இளவட்டங்கள். எழுந்து கதவைத் திறக்க முடியாத நம் பெரியவர்கள் எம்மாத்திரம்? கணப்பு வேண்டுமா, முற்றத்தில் வையுங்கள். எல்லோரும் சுற்றி உட்காருங்கள், கதை பேசுங்கள். படுக்கும் அறைக்குள் மட்டும் அது வரக்கூடாது.

அப்படியானால் வெளியிலிருந்து சூடு கொடுக்க வழியே இல்லையா? இருக்கிறது. ரப்பர் வெந்நீர்ப் பை. ஆனால் அதை எப்படி வைக்கிறோம்? பெரியவரைப் படுக்க வைத்துக் காலடியில் சொருகிவிட்டுப் போகிறோம். எங்கள் தெருவில் ஒரு பெரியவர். சர்க்கரை நோயாளி. காலில் உணர்ச்சி இல்லை. மருமகள் பாசத்தோடு நன்றாகக் கொதித்த தண்ணீரை ஊற்றிப் பையைக் காலடியில் வைத்தாள். காலையில் சாக்ஸைக் கழற்றினால் குதிகாலில் எலுமிச்சம்பழ அளவு கொப்புளம். சுட்டதே அவருக்குத் தெரியவில்லை. அந்தப் புண் ஆற மூன்று மாதம் ஆயிற்று. அந்தப் பெண் அழுத அழுகை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

ஆகவே கொதிக்கிற தண்ணீர் வேண்டாம். பையைத் துண்டில் சுற்றுங்கள். படுப்பதற்கு அரைமணி முன்னால் போர்வைக்குள் வைத்துப் படுக்கையைச் சூடாக்குங்கள். பெரியவர் படுத்ததும் பையை வெளியே எடுத்துவிடுங்கள். சூடான படுக்கையில் அவரைப் படுக்க வையுங்கள், அவருடைய குறைந்த சூட்டைச் செலவழித்துப் படுக்கையைச் சூடாக்கும் வேலையை அவருக்குக் கொடுக்காதீர்கள். மின்சாரப் போர்வைக்கும் இதே முறைதான். அதை மடித்து வைக்கக்கூடாது, அதோடு வெந்நீர்ப் பையைச் சேர்த்து வைக்கவே கூடாது.

ரூம் ஹீட்டர் வைத்திருப்பவர்கள் துணியிலிருந்தும் கட்டிலிலிருந்தும் மூன்றடிக்கு மேல் தள்ளி வையுங்கள். அதன்மேல் துண்டு காயப் போடாதீர்கள். எத்தனையோ வீடுகளில் ஹீட்டர் இருக்கும், அணைந்து கிடக்கும். "ஏன் தாத்தா போடல?" என்றால், "பையனுக்கு பில்லு ஏறும்லம்மா" என்பார். 1,000 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். தினம் மூன்று மணி நேரம் என்றால் இரண்டு மாதத்துக்கு 180 யூனிட். பிள்ளைகளே, அந்தக் காசை நாங்கள் கட்டுகிறோம், நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள் என்று ஒரு முறை அல்ல, திரும்பத் திரும்ப அவரிடம் சொல்லுங்கள். ஒரு முறை சொன்னால் நம்ப மாட்டார்கள்.

சாப்பாட்டைப் பற்றி நீட்ட மாட்டேன். மிளகு ரசமும் சுக்குக் காப்பியும் தொண்டைக்கு இதம், மனசுக்குத் தெம்பு. ஆனால் விடிய விடிய உடம்பில் எரிவதற்கு விறகு வேண்டும். ராத்திரி ஒரே ஒரு இட்லியோடு படுப்பவருக்கு மூன்று மணிக்குக் குளிர் எடுக்காமல் என்ன செய்யும்? பருப்பு, முட்டை, கொஞ்சம் நெய், படுக்கும் முன் இளஞ்சூடாகப் பால். ஒத்துக்கொள்வதைக் கொடுங்கள். பகலில் ஒரு மணிக்கொரு தரம் நாற்காலியைப் பிடித்துப் பத்துத் தடவை உட்கார்ந்து எழச் சொல்லுங்கள். தசை வேலை செய்தால் சூடு வரும். குளிப்பதை உச்சி வெயிலுக்கு மாற்றுங்கள். குளிருக்கு ஒரு மடக்கு பிராந்தி நல்லது என்று சொல்பவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். அது தோலுக்கு ரத்தத்தைத் திருப்பிவிட்டு, உள்ளே இருக்கும் சூட்டையும் வெளியே கொட்டிவிடும். சூடேறியது போலத் தோன்றும், உடம்பு குளிர்ந்துகொண்டிருக்கும்.

கடைசியாக ஒன்றை எல்லோரும் கவனமாகக் கேளுங்கள். குளிருகிறது என்று சொல்பவரைவிட, குளிரில் கிடந்தும் சொல்லாமல் இருப்பவரைக் கண்டு நான் அதிகம் பயப்படுவேன். உடம்பின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அது உயிருக்கு ஆபத்து. அப்போது வயதானவர்கள் நடுங்காமலேகூட இருப்பார்கள். பேச்சுக் குழறும், ஆள் குழம்புவார், தூங்கித் தூங்கி விழுவார். குடித்தவர் மாதிரிகூடத் தெரியும். கையைத் தொட்டுப் பார்க்காதீர்கள். கை எப்போதும் குளிர்ந்துதான் இருக்கும். சட்டைக்குள் கையை விட்டு வயிற்றைத் தொடுங்கள். வயிறே ஜில்லென்று இருந்தால் உடனே 108. வண்டி வரும்வரை ஈரத்துணியை மாற்றி, நெஞ்சையும் முதுகையும் போர்த்திக் கதகதப்பாக வையுங்கள். கைகால்களைத் தேய்க்க வேண்டாம். நெருப்பில் காட்ட வேண்டாம். விழிப்போடு இருந்தால் மட்டும் சூடாக ஏதாவது கொடுங்கள்.

கூட்டத்தை நாலு மணிக்குள் முடிக்க வேண்டும் என்று அமைப்பாளர்களிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டேன். மணி மூன்றே முக்கால். ஏரிப் பக்கம் மூடுபனி இறங்கத் தொடங்கிவிட்டது. வாசலில் சூடாகப் பால் வைத்திருக்கிறார்கள். பெரியவர்கள் குடித்துவிட்டு முதலில் கிளம்பட்டும். பிள்ளைகளே, படி ஈரமாக இருக்கிறது, கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போனதும் ஜன்னலைச் சாத்துங்கள், படுக்கையைக் கொஞ்சம் தூக்கிக் கீழே என்ன விரித்திருக்கிறது என்று பாருங்கள்.